பிஸ்டனுக்குள் ஓர் ஊசி

ஜாகுவார் ஈ-டைப் காரொன்றைப் புதுப்பித்துவரும் நண்பர், அதன் முன்சக்கர பிரேக் காலிப்பரைப் பிரித்துப் படமெடுத்து அனுப்பியிருந்தார். சிலிண்டரின் அடியிலிருந்து மெல்லிய ஊசி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. இன்றைய கார்களில் அப்படியொன்றைக் காண முடியாது. "இது என்னவென்று புரியவில்லை, எடுத்துவிடலாமா என்று மெக்கானிக் கேட்கிறார்" என்று எழுதியிருந்தார்.

தெரியாத பாகத்தை அடையாளம் காண, முதலில் அது யாருடைய வேலை என்று பார்க்க வேண்டும். படத்தில் இரண்டு சிலிண்டர்களும் காலிப்பரின் வெளிப்புறத்தில் தனித்தனியாக போல்ட் செய்யப்பட்டு, வளைந்த குழாய் ஒன்றால் இணைக்கப்பட்டிருந்தன. இது டன்லப் அமைப்பு. 1953இல் லெ மான் பந்தயத்தில் ரோல்ட், ஹாமில்டன் இருவரும் ஓட்டி வென்ற ஜாகுவார் சி-டைப்பில் இருந்தவையும் டன்லப் டிஸ்க் பிரேக்குகளே. 1961இல் ஜெனீவாவில் அறிமுகமான ஈ-டைப்பும் அவற்றையே கொண்டிருந்தது. 1968இல் வந்த இரண்டாம் வரிசையில்தான் கிர்லிங் காலிப்பர்கள் இடம்பெற்றன.

அடுத்த கேள்வி, அந்த ஊசி செய்யும் வேலை என்ன என்பது. பிஸ்டனின் உட்புறத்தில் உள்ள ஒரு புஷ் அதை இறுகப் பற்றியிருக்கும். பிரேக்கை மிதிக்கையில் பிஸ்டன் முன்னேற, அதனுடன் இழுபடும் ஊசி, அடியிலுள்ள சுருள்தன்மை கொண்ட வாஷர்களை அழுத்தும். காலை எடுத்ததும் அவை விரிந்து, ஊசியையும் பிஸ்டனையும் பின்னுக்கு இழுக்கும். பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையே சுமார் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும். பேடு தேயத் தேய, புஷ் ஊசியின் மீது நழுவிப் புதிய இடத்தில் பற்றிக்கொள்ளும். இடைவெளி மட்டும் மாறாது.

இன்றைய காலிப்பரில் இந்த வேலையைச் சதுரக் குறுக்குவெட்டுள்ள ரப்பர் சீல் செய்துவிடுகிறது. பிஸ்டன் நகர்கையில் வளையும் அது, அழுத்தம் நீங்கியதும் நிமிர்ந்து பிஸ்டனை இழுத்துக்கொள்கிறது. புதிய அமைப்பை மட்டுமே கண்ட கண்ணுக்கு ஊசி வேண்டாத பொருளாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் அதை நீக்கினால் பேடு டிஸ்க்கை உரசியபடியே இருக்கும், வெப்பம் ஏறும், பிரேக் எண்ணெய் கொதித்தால், வேண்டிய நேரத்தில் மிதி வெறுமனே தரையைத் தொடும்.

எடுக்க வேண்டாம் என்று நண்பருக்கு எழுதினேன். துரு அரித்திருந்தால் மாற்ற வேண்டும். புஷ் அதை உறுதியாகப் பற்றுகிறதா என்றும் சோதிக்க வேண்டும்.

பாகங்களின் பெயர்களைக் கையேடு சொல்லிவிடும். ஒரு பாகத்தைக் கழற்றி எறியும் முன், அது செய்த வேலையை இனி எது செய்யும் என்று கேட்பது நம் பொறுப்பு. அதற்கு விடை கிடைக்காதவரை, அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.