ரோப் மாற்றும் மாதம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்று அரசு விதித்திருக்கும் இந்த 61 நாள் தடையில் நாகூர் வெட்டாற்றங்கரை சும்மா இருப்பதில்லை. படகின் அடியைச் சுரண்டுகிறார்கள், பெயின்ட் அடிக்கிறார்கள், இன்ஜினைப் பிரித்துப் போடுகிறார்கள், வலை கட்டுகிறார்கள். வின்ச்சில் சுற்றிக் கிடக்கும் இரும்புக் கயிற்றை மாற்றுவதும் இப்போதுதான். கரையில் அதற்கு ரோப் என்று பெயர். எந்தப் படகுக்கு எந்த ரோப் என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்று பார்க்க மே மாத வெயிலில் போயிருந்தேன்.

இழுவலைப் படகின் பிழைப்பே ரோப்பில்தான் தொங்குகிறது. வின்ச்சில் இரண்டு டிரம். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ரோப் கிளம்பி, கப்பிகளின் மேல் ஏறி, பின்பக்கமாகக் கடலுக்குள் இறங்கும். முனையில் இரும்புப் பட்டை அடித்த பலகை. இரண்டு பலகைகளுக்கும் பின்னால் வலை. படகு மணிக்கு மூன்று கடல் மைல் வேகத்தில் போகும்போது தண்ணீரின் எதிர்ப்பில் பலகைகள் இரு பக்கமும் விலகி வலையின் வாயைத் திறந்து பிடிக்கும். ஆழத்தைப் போல நான்கைந்து மடங்கு நீளத்துக்கு ரோப் விட வேண்டும். 40 மீட்டர் ஆழம் என்றால் பக்கத்துக்கு 200 மீட்டர். விட்டதையெல்லாம் திரும்பச் சுருட்டி ஏற்ற வேண்டும். பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் படகுகளில் இது இரவு பகலாக நடக்கும்.

அறுபது வயதைத் தொட்ட ஸ்ராங்கு (படகை ஓட்டுபவர்) ஒருவர் பழைய ரோப்பைக் கரையில் நீளமாகப் போட்டிருந்தார். பழந்துணியை அதன் மேல் சுற்றிப் பிடித்தபடி மெதுவாக நடந்தார். துணி மாட்டிய இடத்தில் எல்லாம் நின்று சாக்பீஸால் கோடு போட்டார். அறுந்த கம்பியின் முனை அங்கே நீட்டிக்கொண்டிருக்கும். வெறுங்கையால் தடவினால் உள்ளங்கை கிழியும்.

"எத்தனை டன் தாங்கும்னு எல்லாரும் கேப்பாங்க தம்பி. எங்கே சாவும்னு கேக்க மாட்டாங்க. இதுக்கு மூணு எடத்துல மூணு விதமா சாவு" என்றார்.

பலகைப் பக்கத்து முனை கடலடி மணலில் உரசி உரசித் தேய்கிறது. அங்கே வெளிக்கம்பிகள் தட்டையாகிப் பளபளத்தன. நடுப்பகுதி கப்பியில் வளைந்து நிமிர்ந்து, மறுபடி வளைந்து அலுத்துப்போகிறது. தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கம்பிகள் ஒவ்வொன்றாக முறியும். டிரம்மில் அடிச்சுற்றாகக் கிடக்கும் பகுதி மேல்சுற்றுகளின் அழுத்தத்தில் நசுங்குகிறது, உப்புத்தண்ணீர் வடியாமல் துருப்பிடிக்கிறது. மூன்றும் ஒரே ரோப்பில், ஒரே நேரத்தில் நடக்கின்றன. அதனால் தடைக்காலத்தில் ரோப் இன்னும் நன்றாக இருந்தால் தலை மாற்றிப் போடுகிறார்கள். டிரம்மில் கிடந்த முனை பலகைக்குப் போகும். பலகை முனை டிரம்முக்கு வரும். தேய்ந்த பகுதிக்கு வேறு வேலை கிடைப்பதால் அதே ரோப் இன்னும் கொஞ்ச காலம் உழைக்கும்.

கழித்துக்கட்டிய ஒரு துண்டை ரம்பத்தால் அறுத்துப் பிரித்துக் காட்டச் சொன்னேன். ஆறு புரிகள். ஒவ்வொரு புரியிலும் 19 கம்பிகள்: நடுவில் ஒன்று, அதைச் சுற்றி ஆறு, அதையும் சுற்றிப் பன்னிரண்டு. ஆறு புரிகளுக்கும் நடுவில் நாரால் ஆன கோர். புதிதில் அதில் எண்ணெய் ஊறியிருக்கும். ரோப் இறுகும்போது அந்த எண்ணெய் கசிந்து உள்கம்பிகளுக்குப் போகும். எங்கள் முன்னால் கிடந்த துண்டில் நார் காய்ந்து உதிர்ந்தது, உள்ளே செம்பொடி. வெளியே துத்தநாகப் பூச்சு இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது.

இரும்புக் கயிற்றில் தேர்வு என்பது இந்த அடுக்குகளுக்குள் நடக்கும் பேரம். புரிக்கு ஏழு தடித்த கம்பிகள் வைத்தால் உரசலுக்கு நிற்கும். வளைத்தால் சீக்கிரம் முறியும். புரிக்கு 36 மெல்லிய கம்பிகள் வைத்தால் கப்பியில் பட்டுப் போல வளையும். மணலில் இழுத்தால் தேய்ந்துவிடும். 19 கம்பி இரண்டுக்கும் நடுவே நிற்பதால்தான் இழுவலைப் படகுகளில் பரவலாக இருக்கிறது. கோரிலும் இதே கதைதான். நார் கோர் நன்றாக வளையும், எண்ணெயைப் பிடித்துவைக்கும், டிரம்மில் நசுங்கும். இரும்புக் கோர் நசுங்காது, இழுவைத் திறனும் கொஞ்சம் கூடும். ஆனால் விறைப்பு, கூடுதல் எடை, கூடுதல் விலை. பல அடுக்காகச் சுற்றும் சின்ன டிரம் உள்ள படகுக்காரர் இரும்புக் கோர் கேட்கிறார். பெரிய டிரம் வைத்திருப்பவர் நார் கோரே போதும் என்கிறார். இருவர் சொல்வதும் அவரவர் படகுக்குச் சரி.

ரோப் வாங்கப் போனவர்களோடு கடைக்கும் போனேன். தர்காவின் பெரிய மினரா தெரிகிற தெரு. 131 அடி உயர அந்த மினராவை எழுப்பியவர் 18ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங். தர்காவின் கந்தூரி விழாக் கொடியேற்றத்துக்கு முன் ஐந்து மினராக்களிலும் பாய்மரம் ஏற்றுகிற ஊர் இது. கடல் போகிறவர்களுக்குக் கயிறு விற்பது இங்கே பழைய தொழில்.

இளைய படகு முதலாளி ஒருவர் வந்ததும் சொன்னார்: "நானா, போன தடவை பத்து எம்.எம். அறுந்துடுச்சு. இந்தத் தடவை பன்னெண்டா குடுங்க."

கடைக்காரர் ரோப்பை எடுக்கவில்லை. "கப்பி எத்தனை இன்ச் தம்பி?" என்று கேட்டார்.

"ஆறு இருக்கும்."

"அப்ப பன்னெண்டு போட்டா இன்னும் சீக்கிரம் அறும்."

காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். 240 குதிரைத்திறன் இன்ஜினுக்கு நூற்றுக்கு ஒரு டன் என்று தோராயமாக வைத்தால் இழுவை இரண்டரை டன்னைத் தாண்டாது. இரண்டு ரோப்புக்குப் பிரித்தால் பக்கத்துக்கு ஒன்றேகால் டன். 1770 தரக் கம்பியில் செய்த 10 மி.மீ. ரோப் அறுவதற்கு ஐந்தரை முதல் ஆறு டன் வரை வேண்டும். நான்கு மடங்குக்கு மேல் பாதுகாப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஆக, போன ரோப் பாரத்தால் போகவில்லை. கப்பியின் விட்டம் ரோப்பின் விட்டத்தைப் போலப் பதினெட்டு இருபது மடங்காவது இருக்க வேண்டும். 10 மி.மீ. ரோப்புக்கே ஏழு எட்டு இன்ச் கப்பி தேவை. ஆறு இன்ச் கப்பியில் தடித்த ரோப்பை ஓட்டினால் ஒவ்வொரு வளைவிலும் கம்பி கூடுதலாக அடிவாங்கும். மேலும் 10 மி.மீ. ரோப் அரித்த பள்ளத்துக்குள் 12 மி.மீ. ரோப் உட்காராது, இரு பக்கச் சுவரும் அதை நெரிக்கும். எடையும் உண்டு. 500 மீட்டர் சுருள் பத்தில் 180 கிலோ, பன்னிரண்டில் 260 கிலோ.

முதலாளி பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் உறை போட்ட ரோப்பைத் தொட்டுப் பார்த்தார். உப்பு உள்ளே போகாதே என்பது அவர் யோசனை. கடைக்காரர் தலையசைத்து மறுத்தார். "உறை எங்கயாச்சும் கிழியத்தான் செய்யும். தண்ணி உள்ள போயிட்டா வெளிய வராது. கம்பி அறுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. உன் ஸ்ராங்கு துணியை வெச்சுத் தடவி என்ன பண்ணுவார்?"

அளவெடுப்பதிலும் ஒரு நுணுக்கம் காட்டினார். காலிபரின் தாடைகளைப் புரிகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தில் வைத்தால் அளவு குறைவாகக் காட்டும். எதிரெதிர்ப் புரிகளின் முதுகில் வைத்துப் பார்க்க வேண்டும். பயன்பாட்டில் விட்டம் பத்து விழுக்காடு குறைந்திருந்தால் கோர் செத்துவிட்டது என்று பொருள். வெளியே ஒரு கம்பி அறாவிட்டாலும் கழற்றிவிடலாம்.

சுருளைப் பிரிக்கும் இடத்திலேயே பல ரோப்புகள் பாழாகின்றன. கரையில் ஒரு பையன் சுருளைப் படுக்கப் போட்டு வளையம் வளையமாக இழுத்தான். ஸ்ராங்கு ஓடிவந்து தடுத்தார். அப்படி இழுத்தால் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு முறுக்கு ஏறும். முறுக்கு இறுகினால் முடிச்சு விழும். அந்த இடத்தை எவ்வளவு தட்டி நிமிர்த்தினாலும் பழைய பலம் வராது. சுருளை நிறுத்தி, தரையில் உருட்டிக்கொண்டே போக வேண்டும்.

ரோப் முனையில் காது என்கிற வளையம் போடுகிறவர் தனி ஆள். முனை கூரான இரும்பு ஊசியைப் புரிகளுக்கிடையே செருகி நெம்பி, பிரித்த புரிகளை ஒவ்வொன்றாக நுழைத்து இழுத்துப் பின்னுகிறார். கை வேகம் பார்க்க எளிதாகத் தெரிகிறது. ஊசி நழுவினால் தொடையில் பாயும். பின்ன நேரமில்லாதவர்கள் யூ கிளாம்ப் போடுகிறார்கள். அதிலும் திசை உண்டு. வளைந்த யூ, வெட்டிவிட்ட முனையின் மேல் இருக்க வேண்டும். பள்ளம் உள்ள அடிப்பகுதி, பாரம் இழுக்கும் பக்கத்தைத் தாங்க வேண்டும். மாற்றிப் போட்டால் யூ கம்பி பாரம் இழுக்கும் ரோப்பையே கடிக்கும். முதல் பாரம் ஏறியதும் ரோப் சற்று மெலியும் என்பதால் நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும். கழித்துப்போட்ட ரோப் முனைகளைக் கரையில் புரட்டிப் பார்த்தேன். கிளாம்ப் கடித்த தழும்பு பலவற்றில் தவறான பக்கத்தில் இருந்தது.

நாகூரைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் இரும்புக் கயிறு வேறு வேறு விதமாகச் சாகிறது. வடக்கே வாஞ்சூரில், 2009இல் இயங்கத் தொடங்கிய காரைக்கால் துறைமுகம். உயரத்திலிருந்து பாரம் தூக்கும் துறைமுகக் கிரேன்களில் சாதாரண ஆறு புரி ரோப் போட்டால் முறுக்கு அவிழ்ந்து பாரம் சுழலும். அதனால் உள்ளடுக்கு ஒரு பக்கமும் வெளியடுக்கு எதிர்ப்பக்கமும் முறுக்கிய சுழலா ரோப் தேவை. தங்கும் விடுதிகளின் லிப்ட்டில் உப்பும் மணலும் இல்லை. ஆனால் மனிதர்கள் ஏறுகிறார்கள். அங்கே ஐந்து மடங்கு பாதுகாப்பு போதாது, பன்னிரண்டு மடங்கு வரை வைக்கிறார்கள், அதுவும் ஒரே ரோப்பை நம்பாமல் பல ரோப்புகளில்.

மேற்கே நரிமணம் எண்ணெய் வயல். துளையிடும் ரிக்குகளில் ரோப்பின் உழைப்பைக் கணக்கெழுதுவது உலகெங்கும் உள்ள வழக்கம். ஒரு டன் பாரத்தை ஒரு மைல் தூரம் நகர்த்தினால் ஒரு டன் மைல். குறித்த அளவு டன் மைல் சேர்ந்ததும், ஒரு கம்பிகூட அறாவிட்டாலும், சில மீட்டர் புது ரோப்பை உள்ளே நகர்த்தி, டிரம் பக்கத்தில் பழையதை வெட்டி எறிகிறார்கள். உச்சிக் கப்பியில் ஒரே இடம் திரும்பத் திரும்ப வளையாமல் இது காக்கிறது. வெட்டாற்றங்கரையில் தலை மாற்றிப் போடுவதும் இதே யோசனைதான். அங்கே நோட்டுப் புத்தகம் இருக்கிறது, இங்கே ஸ்ராங்கின் ஞாபகம்.

இரும்புக் கயிறு பிறந்ததே இந்தக் கவலையில்தான். ஜெர்மனியில் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களில் சங்கிலிகள் அறுந்துகொண்டே இருந்தன. ஒரு கண்ணி போனால் மொத்தமும் போகும், முன்னறிவிப்பே இருக்காது. சுரங்க அதிகாரி வில்ஹெல்ம் ஆல்பர்ட் 1834இல் கிளவுஸ்டாலில் நான்கு கம்பிகள் கொண்ட மூன்று புரிகளை முறுக்கி முதல் இரும்புக் கயிற்றைச் செய்து ஓட்டினார். அதில் ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை பாரத்தைப் பிடித்துக்கொண்டன. அறுந்ததைக் கண்ணால் பார்த்து நிறுத்த அவகாசம் கிடைத்தது. ஸ்ராங்கு தன் பாணியில் சொன்னார்: "ரோப் உழவு மாடு மாதிரி தம்பி. விழுறதுக்கு முன்னாடி நொண்டிக் காட்டும். பாத்துட்டு நிறுத்துறவன்தான் ஆளு."

எத்தனை கம்பி அறுந்தால் நிறுத்துவது? மொபைல் கிரேன்களுக்கு அமெரிக்கத் தரவிதி ஒன்று உண்டு. ஒரு புரி ஒரு முழுச் சுற்றுப் போடும் நீளத்துக்குள் ஆறு கம்பி அறுந்திருந்தாலோ, ஒரே புரியில் மூன்று அறுந்திருந்தாலோ ரோப்பைக் கழற்ற வேண்டும். 10 மி.மீ. ரோப்பில் அந்த நீளம் ஆறு ஏழு சென்டிமீட்டர்தான். சாக்பீஸ் கோடுகள் அவ்வளவு நெருக்கமாக விழுந்த ஓர் இடத்தைக் காட்டி, எப்போது மாற்றுவீர்கள் என்று கேட்டேன். ஸ்ராங்கு முதலாளியைப் பார்த்தார். முதலாளி சிரித்தார்.

இந்த இடத்தில்தான் ரோப் தேர்வு கணக்கைத் தாண்டிப் போகிறது. ரோப்புக்குப் பணம் கொடுப்பவர் கரையில் இருக்கிறார். வலை கல்லிலோ முங்கிக் கிடக்கும் படகிலோ மாட்டும்போது, ஓடுகிற படகின் மொத்த எடையும் அந்த 10 மி.மீட்டரில் வந்து தொங்குகிறது. அறுந்தால் ரோப் சும்மா விழாது. இழுத்து வைத்த விசையோடு தளத்தின் குறுக்கே வீசும். அந்தக் கோட்டில் நிற்பவர்கள் பங்குக்கு வேலை செய்யும் ஆட்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், பாரம் தூக்கும் கயிறுகளைத் தகுதியுள்ள ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று விதித்தது. அது ஆலைக்குள் இருக்கும் தொழிலாளிக்கு. கடலில் அந்தச் சோதனையைச் செய்வது ஒரு முதியவரின் கையிலிருக்கும் பழந்துணி.

அன்று கடையில் பேரம் முடிந்தது இப்படி: 19 கம்பி, துத்தநாகப் பூச்சு, நார் கோர், 10 மி.மீ. ரோப். மிச்சமான பணத்தில் எட்டு இன்ச் கப்பிகள் நான்கு. முதலாளிக்கு ரோப்பின் தடிமன் கூடாததில் கொஞ்சம் வருத்தம்தான். பில் போடும்போது கடைக்காரர் சொன்ன யோசனையை மற்ற முதலாளிகளும் கேட்டுக்கொள்ளலாம்: அடுத்த முறை ரோப் வாங்க வரும்போது ஸ்ராங்கையும் அழைத்து வா, இல்லையென்றால் பழைய ரோப்பிலிருந்து மூன்று துண்டு வெட்டி எடுத்து வா. பலகைப் பக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, டிரம் பக்கத்தில் ஒன்று. எந்த ரோப் வேண்டும் என்பதை அந்த மூன்று துண்டும் சொல்லும்.