விரல் நுனியில் ஒரு வாழ்வு

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து வடக்கே செல்லும் மின்ரயிலில் ஏறினால் அடுத்த நிலையம் ராயபுரம். 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது இங்கிருந்துதான். தூண்கள் தாங்கி நிற்கும் அந்தப் பழைய கட்டடத்தைச் சற்று நின்று பாருங்கள்; பிறகு தெருவில் இறங்கி நடங்கள்.

ஒருபுறம் துறைமுகம், அதை நோக்கி வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள். மறுபுறம் காசிமேடு, விடியுமுன்னரே அங்கு மீன் ஏலம் களைகட்டிவிடும். வடக்கே சென்றால் புது வண்ணாரப்பேட்டை. சுமை தூக்குவோர், படகோட்டிகள், ஆட்டோ ஓட்டுநர்கள், சிறு வணிகர்கள் நெருங்கி வாழும் பகுதி இது. இல்லங்கள் சிறியவை, சந்துகள் குறுகலானவை. பந்து உருட்ட இடமில்லாத இத்தகைய தெருவில், 74 சென்டிமீட்டர் சதுரப் பலகை ஒன்றும் தலைக்கு மேல் ஒரு விளக்கும் இருந்தால் போதும் என்னும் கேரம் ஆட்டம் வேரூன்றியதில் வியப்பென்ன?

பொழுதுபோக்கு என்றுதானே நாம் அதை எண்ணியிருக்கிறோம்! ஆனால் அனைத்துலகக் கேரம் கூட்டமைப்பு 1988இல் உருவானதே இந்தச் சென்னையில்தான். சென்னை வீரர் மரிய இருதயம் 1991, 1995 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்று, அர்ஜுனா விருதும் பெற்றார். வியாசர்பாடியின் இளவழகி 2008இல் உலக வாகை சூடினார். மீன்பாடி வண்டி ஓட்டியவரின் மகள் அவர்.

2024 நவம்பரில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உலகக் கோப்பைப் போட்டி நடைபெற்றது. மகளிர் ஒற்றையர், இரட்டையர், குழு என மூன்று பிரிவுகளிலும் தங்கம் வென்று திரும்பினார் புது வண்ணாரப்பேட்டையின் காசிமா. அப்போது அவருக்கு வயது 17. தந்தை ஆட்டோ ஓட்டுநர். தமிழக அரசு அவருக்கு ஒரு கோடி ரூபாய் ஊக்கத்தொகை வழங்கியது. அடுத்த ஆண்டே, 2025 டிசம்பரில், மாலத்தீவில் நடந்த உலகக் கோப்பையில் காசிமேட்டின் கீர்த்தனா மூன்று தங்கங்களை வென்றார். ஏறத்தாழ நடந்தே சென்றுவிடக் கூடிய தொலைவிலுள்ள இரு பேட்டைகளிலிருந்து இரண்டு உலக வெற்றிகள்!

பரிசுச் செய்தி ஒரு நாளில் வந்துவிடுகிறது. அதற்கு முந்தைய ஆண்டுகளைச் சிந்தித்துப் பார்த்தீர்களா? பதினைந்து கிராம் எடைக்கு மிகாத ஸ்ட்ரைக்கரை ஒரே அளவான விசையுடன் சுண்ட விரல் பழக வேண்டும். அந்தப் பழக்கம் அன்றாடப் பயிற்சியால் மட்டுமே கைவரும். அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்துக்கோ நேரம்தான் பணம். சவாரிக்குப் போகாமல் தந்தை பலகையருகே அமரும் ஒவ்வொரு மணி நேரமும் அன்றைய வருவாயில் குறையும். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு இஷாவுக்குப் பின் பலகையில் அமரும் இளைஞனின் கை, சோர்வினாலேயே குறி தவறும். திறமை இருந்தும் பலர் பாதியில் நின்றுபோவது இதனால்தான்.

அப்படியானால் இந்த ஆட்டத்தையே வாழ்வாக்கிக்கொள்ள வழி யாது? கிரிக்கெட் வீரருக்குக் கிட்டும் ஏலத்தொகையும் விளம்பர வருவாயும் இங்கில்லை. ஒலிம்பிக்கில் கேரமுக்கு இடமுமில்லை. தேசியப் போட்டிகளைக் கவனியுங்கள்: மாநில அணிகளுடன் ரிசர்வ் வங்கி, ஆயுள் காப்பீட்டுக் கழகம், பெட்ரோலிய விளையாட்டு மேம்பாட்டு வாரியம் ஆகியவற்றின் அணிகளும் களமிறங்கும். அத்தகைய நிறுவனத்தில் பணி கிடைத்தவர்க்கு மாதச் சம்பளம் உறுதி. போட்டிக்குச் செல்லும்போது பிழைப்பு தடைப்படுமோ என்ற அச்சமில்லை. நம் நாட்டில் கேரம் வீரர் முழுநேர வீரராவது பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான். அந்த வாசலோ மிகக் குறுகியது.

வாசகப் பெற்றோரே! உங்கள் மகனோ மகளோ பலகையை விட்டு எழ மறுத்தால், உடனே கடிந்துகொள்ளாதீர்கள். படிப்புக்கு ஒரு நேரம், பயிற்சிக்கு ஒரு நேரம் என வகுத்துக் கொடுங்கள். மாவட்டக் கேரம் சங்கத்தை அணுகி, முறையான போட்டிகளில் ஆடச் செய்யுங்கள். சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் எந்தப் பணிக்கு எந்தப் போட்டிச் சான்று தேவை என்ற விதிகளை முன்கூட்டியே கேட்டறியுங்கள். பள்ளிப் படிப்பைக் கைவிட மட்டும் இடம்கொடுக்காதீர்கள். வேலைக்கு விண்ணப்பிக்கையில் பதக்கத்துடன் கல்வித் தகுதியும் கேட்கப்படும்.

ராயபுரம் செல்பவர்கள் பழைய நிலையத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது வழக்கம். நீங்கள் இன்னும் சிறிது தூரம் உள்ளே செல்லுங்கள். ஏதேனும் ஒரு சந்தில் காய்கள் பலகையில் மோதும் ஒலி கேட்கும். அங்கே குனிந்திருக்கும் பிள்ளைக்காக, ஒரு குடும்பம் தன் அன்றாட வருவாயில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.