பனியெறி இயந்திரமும் நமது வலக்கையும்

வெயிலுக்குப் பேர்போன முகவைச் சீமையிலே பிறந்து வளர்ந்த நாம், கனடா நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்தில் ஒரு சிற்றூர்ப் பங்கின் பொறுப்பை ஏற்றபோது, மறைப்பணியோடு பனிப்பணியும் நமக்கெனக் காத்திருந்தது. இரவெல்லாம் பெய்த பனி விடியலில் முழங்காலளவு கிடக்கும். திருப்பலிக்கு வரும் முதியோர் வழுக்கி விழாதபடி, ஆலய வாயிலிலிருந்து சாலைவரை வழி திறந்தாக வேண்டும். அதற்கென்றே பங்கு இல்லத்துக் கொட்டகையில் ஓர் இயந்திரம் நின்றது. குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் பயின்றோம். இதை இயக்கும் கலையை எவரும் நமக்குப் பயிற்றுவித்தாரில்லை.

அதன் அமைப்பை முதலில் சொல்லுவோம். முன்புறம் அகன்ற இரும்புக் கூடு. அதனுள் திருகுபோல் வளைந்த தகடுகள் சுழன்று பனியை வாரி நடுவே கொணரும். பின்னிருக்கும் விசிறி அதனைத் தள்ள, மேலேயுள்ள வளைந்த குழாய் வழியாகப் பனி பல அடி தொலைவில் போய் விழும். கெபெக் மாநிலத்து ஆர்தர் சிக்கார் என்பவர் 1925-ஆம் ஆண்டில் சாலைப் பனியை வாரியெறியும் ஊர்தியை உருவாக்கினார். வீட்டு முற்றங்களுக்கான சிறு இயந்திரங்கள் பின்னர் வந்தவை.

நமது இயந்திரத்தின் கைப்பிடிகளில், சைக்கிள் பிரேக்கை ஒத்த இரு நெம்புகோல்கள் உண்டு. ஒன்றை அழுத்தினால் சக்கரங்கள் நகரும். மற்றதை அழுத்தினால் திருகும் விசிறியும் சுழலும். கையை எடுத்தால் இரண்டும் நின்றுவிடும். இதனை நாம் பெருந்தொல்லை என்றே எண்ணினோம். கடுங்குளிரில் நெடுநேரம் அழுத்திப் பிடித்தால் விரல்கள் மரத்துப்போகுமன்றோ? ஆகவே ஒரு சணற்கயிற்றால் இரண்டாம் நெம்புகோலைக் கட்டிவைத்தோம். நமது சாமர்த்தியத்தை நாமே மெச்சிக்கொண்டோம்.

மார்ச் மாதத்து ஒரு காலை. ஈரப்பனி களிமண்போல் குழாயை அடைத்துக்கொண்டது. பனி வெளிவராமையால் உள்ளே எதுவும் சுழலவில்லை என்று கருதி, ஓடும் இயந்திரத்தின் குழாய்க்குள் வலக்கையை நீட்டினோம். “ஃபாதர், கையை எடுங்கள்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் அலறியது. பங்கின் மூத்த உழவர் ஓடிவந்து இயந்திரத்தை நிறுத்தினார். கயிற்றைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. தமது கையுறையைக் கழற்றிக் காட்டினார். இரு விரல்கள் பாதியளவே இருந்தன.

அவர் இயந்திரத்தை நிறுத்திய பிறகே கையை விட்டாராம். ஆயினும் அடைபட்ட விசிறியில் முறுக்கு எஞ்சியிருந்தது. அடைப்பு நீங்கிய கணத்தில் அது ஒருமுறை சுழன்றது. அவ்வளவே போதுமானதாயிற்று.

அன்று கொட்டகையில் அவர் கற்பித்தவற்றை இன்றளவும் பேணுகிறோம். அடைப்பு நேர்ந்தால் இயந்திரத்தை நிறுத்தி, சாவியை எடுத்து, எல்லாம் அசைவற்று நிற்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். அதன் பின்னரும் கழியால் மட்டுமே அடைப்பை நீக்க வேண்டும், கையால் அன்று. பழுது பார்க்குமுன் ஸ்பார்க் பிளக்கின் கம்பியைக் கழற்றி அப்பால் வைக்க வேண்டும். திருகிலுள்ள சிறு ஆணிகள், கல்லில் மோதினால் தாம் முறிந்து பற்சக்கரப் பெட்டியைக் காப்பதற்கென்றே அமைந்தவை. முறிந்தால், அந்த இயந்திரத்திற்குரிய ஆணியையே இட வேண்டும். வலிய ஆணியை இட்டால் பெட்டியே உடையும். சூடான இயந்திரத்தில் பெட்ரோல் ஊற்றலாகாது. கதவு திறந்திருப்பினும் கொட்டகைக்குள் அதனை ஓட்டலாகாது. மணமற்ற நச்சுப்புகை உயிரைக் குடிக்கும். நெம்புகோலை விட்ட சில நொடிகளில் திருகு நிற்காவிடில், சீர்செய்யும்வரை அதனைத் தொடவே கூடாது.

கயிற்றை அன்றே அடுப்பிலிட்டோம். நம்மைத் தொல்லைப்படுத்துவதாக எண்ணிய அந்த நெம்புகோல், நாம் தடுமாறும்போது நம்மைக் காப்பதற்காகவே அவ்வாறு அமைக்கப்பட்டது என்பதை, அரைவிரல்களைக் கண்ட பின்னரே உணர்ந்தோம்.

இதனை வாசிக்கும் பெற்றோருள் சிலருடைய மக்கள் குளிர்நாடுகளில் குடியேறியிருக்கலாம். அடுத்தமுறை தொலைபேசியில் பேசுங்கால், “சாப்பிட்டாயா?” என்று கேட்டபின், “பனி அள்ளும் இயந்திரத்தில் கையை விடாதே” என்றும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் பலிபீடத்தில் அப்பத்தை உயர்த்தும்போது, இந்த வலக்கையை நமக்கு மீட்டுத் தந்த அந்த உழவரை நினைத்துக்கொள்கிறோம்.