கடைந்தெடுத்த எடை

அப்பா தம் புல்லட்டை ஒருநாளும் விரட்டியதில்லை. 1984ஆம் ஆண்டு வண்டி. ராசிபுரத்துக்கு அருகே எங்கள் மரவள்ளிக் காட்டுத் தடத்தில், ஆள் நடக்கிற வேகத்தில், முதல் கியரில் உருட்டிக்கொண்டு போவார். ஒவ்வோர் அடியையும் எண்ணி வைப்பதுபோல் அது நகரும்.

தமிழ் நடத்துகிற மூத்தவனும் ஜவுளி விற்கிற இளையவனுமாகிய எங்கள் இருவருக்கும் அந்த நிதானம் பொறுக்கவில்லை. சாலையில் பழைய ஆர்எக்ஸ் 100 வண்டிகள்கூட எங்களைத் தாண்டிப் போயின. ஃப்ளைவீலின் எடையைக் குறைத்தால் வண்டி துள்ளும் என்றார் நண்பர் ஒருவர். 2019இல் எஞ்சினைப் பிரித்து, உள்ளிருந்த இரட்டைச் சக்கரங்களைச் சேலத்து லேத் பட்டறைக்குக் கொண்டுபோனோம். கடைசல்காரர் ஒருமுறை கேட்டார்: "வெட்டுன இரும்பு ஒட்டாதுங்க. யோசிச்சுக்கிட்டீங்களா?"

நாங்கள் யோசித்திருக்கவில்லை. 70 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. வீச்சும் கொண்ட அந்த 346 சி.சி. எஞ்சினில் சிலிண்டர் ஒன்றே. நான்கு வீச்சில் ஒன்றுதான் உழைக்கிறது. புகையைத் தள்ளுவது, காற்றையும் பெட்ரோலையும் உறிஞ்சுவது, அதை அழுத்துவது ஆகிய மற்ற மூன்றையும் ஃப்ளைவீல் தான் சேர்த்துவைத்த சுழற்சியைச் செலவிட்டே நடத்துகிறது. குயவர் கோலால் உந்திவிட்டுக் கையெடுத்த பின்னும் திகிரி சுற்றுவது எதனால்? அதே கனத்தால்தான். (பறப்பதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, ஆங்கிலத்தில் ஏன் அப்படிப் பெயர் வைத்தார்களோ!) அதிலும் விளிம்பிலிருக்கிற இரும்புக்கு மதிப்பு அதிகம். பாதி ஆரத்தில் எடுக்கிற நூறு கிராமைவிட விளிம்பில் எடுக்கிற நூறு கிராம் நான்கு மடங்கு விளைவைத் தரும். நாங்கள் விளிம்பில்தான் எடுக்கச் சொன்னோம்.

வண்டி துள்ளியது, மறுப்பதற்கில்லை. முதல் இரண்டு கியர்களில் ஆக்சிலேட்டரைத் திருகியதும் சீறியது. நான்காவது கியரில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. எஞ்சினின் உச்ச ஆற்றல் இதனால் கூடுவதில்லை. வேகம் ஏறுவதும் இறங்குவதும் விரைவாகிறது, அவ்வளவே. நின்ற நிலையில் அதன் ஓட்டம் தடுமாறியது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றாவதிலேயே எஞ்சின் அணைந்தது. வல்வில் ஓரி ஆண்ட மலையில், பின்னால் பேருந்து ஒலியெழுப்ப, சரிவில் காலூன்றிக் கிக்கரை உதைத்துக்கொண்டிருந்தோம்.

அதையும் சிரித்துக் கடந்திருப்போம். ஆனால் எங்களிடம் கேளாமல் அப்பா ஒரு காலையில் காட்டுக்கு வண்டியை எடுத்தார். வாய்க்கால் திருப்பத்தில் பழைய வழக்கப்படி வேகத்தைத் தணித்திருக்கிறார். கூடவே வந்திருக்க வேண்டிய அந்த உந்து வரவில்லை. எஞ்சின் அணைந்து வண்டி சாய, எழுபத்தொரு வயதில் முழங்காலில் அடிபட்டது.

"வண்டிக்கு மூச்சுப் பத்தலடா" என்றார். திட்டவில்லை. அதன்பிறகு சாவியைக் கேட்கவுமில்லை.

பழைய உதிரிபாகக் கடைகளில் ஐந்து மாதம் அலைந்து, வெட்டுப்படாத சக்கர இணை ஒன்றைக் கண்டெடுத்து, சமநிலை பார்த்துப் பூட்டினோம். முதல் உதையில் அதே நிதானத்துடன் எழுந்தது. திண்ணையிலிருந்த அப்பா சற்று நேரம் அதைக் கேட்டுவிட்டு, "தடத்துல ஓட்டிப் பாருங்க" என்றார். தாம் எழுந்து வரவில்லை. வெட்டுப்பட்ட இரண்டும் மாட்டுக் கொட்டகையில், தவிட்டு டிரம்மின் மூடிமேல் பாரமாக இருக்கின்றன.