வேப்பமரத்தடி பியூக்

கூடல்நகரைத் தாண்டி ஆனையூர், சிக்கந்தர்சாவடி, கோவில்பாப்பாகுடி என்று அலங்காநல்லூர் சாலையில் போனால், ஊர் நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் வயல். பெரியாறு கால்வாயில் தண்ணீர் விட்டிருந்த நேரம். நடவு முடிந்து நாற்று பச்சை பிடித்திருந்தது. ஊருக்குச் சற்று முன்னால் இறங்கும் வண்டிப்பாதையில், தென்னந்தோப்பை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. பெயர்ப்பலகை கிடையாது. சுத்தியல் சத்தத்தை வைத்துத்தான் இடத்தைக் கண்டுபிடித்தேன்.

உள்ளே 1947-ஆம் வருடத்து பியூக் சூப்பர் நின்றது. படத்தில் எத்தனை முறை பார்த்திருந்தாலும் பக்கத்தில் போய் நிற்கும்போதுதான் அதன் உருவம் பிடிபடுகிறது. முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் நடுவில் 124 அங்குலம், பத்தடிக்கு மேல். முன் மட்கார்டு சக்கரத்தோடு நிற்காமல் கதவுகளின் மேலும் வழிந்து போகிறது. முகப்பில் மேலிருந்து கீழாகக் கம்பிகள், பல்வரிசை மாதிரி. பானெட்டைக் கழற்றிச் சுவரோரம் சாத்தியிருந்தார்கள். இந்த பியூக்கின் பானெட் இடப்பக்கமும் திறக்கும், வலப்பக்கமும் திறக்கும், இரண்டு பக்கக் கொக்கியையும் விட்டால் முழுசாகத் தூக்கியே வைத்துவிடலாம். அதன் நுனியில் ஒரு வளையமும் வளையத்துக்குள் ஒரு குண்டும். விமானத்தில் குண்டு வீசக் குறி பார்க்கும் கருவியின் பெயரையே அந்தச் சின்னத்துக்கும் சொல்வார்கள்.

டிங்கர் பாய்க்கு அறுபதுக்கு மேல் இருக்கும். பின்பக்க மட்கார்டின் மேல் ஒரு மெல்லிய பனியன் துணியைப் போட்டு, அதன் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். கை ஓரிடத்தில் நின்றது. சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார்.

“வெயில் சாஞ்சுட்டா பள்ளம் கண்ணுக்குத் தெரியாது தம்பி. துணி போட்டுத் தடவினா கைக்குத் தெரியும். வெறுங்கையா வச்சா வேர்வை பிடிச்சு இழுக்கும், ஒண்ணும் தெரியாது.”

அந்த வட்டத்துக்குள் தகடு புடைத்திருந்தது. புடைப்பைச் சுத்தியலால் அடித்து இறக்கிவிடலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அடித்தால் இன்னும் நீளும் என்றார். எப்போதோ மோதி நசுங்கியபோது யாரோ அவசரமாக அடித்ததில் தகடு விரிந்துவிட்டது. விரிந்த தகட்டுக்குப் போக இடமில்லாமல் புடைத்து நிற்கிறது. அதைச் சுருக்க வேண்டும். கேஸ் பைப்பின் சுடரை நடுவில் ஒரு பத்து ரூபாய் நாணய அளவுக்குக் காட்டினார். தகடு சிவந்து எழும்பியதும் உதவிக்கு நின்ற பையன் உள்பக்கம் இரும்புக் கட்டையைத் தாங்கலாகக் கொடுத்தான். பாய் மரச்சுத்தியலால் நாலே தட்டு. உடனே ஈரச்சாக்கை வைத்து அழுத்தினார். சுர்ரென்று ஆவி. சாக்கை எடுத்தபோது புடைப்பில் பாதி அடங்கியிருந்தது. இப்படி ஒரே மட்கார்டில் பதினோரு இடம் செய்ததாகப் பையன் சொன்னான்.

மிச்சம் இருக்கும் சிறு குழிகளுக்குப் பட்டி பார்ப்பதில்லையா என்று கேட்டேன். கதவுத் தூணும் கூரையும் சேரும் இடத்தைக் காட்டினார். அமெரிக்க ஆலையிலேயே அந்த மூட்டில் ஈயமும் வெள்ளீயமும் கலந்து ஊற்றி, மரக்கட்டையால் தேய்த்து வழித்திருக்கிறார்கள். எழுபத்தைந்து வருடம் கழித்தும் அது விரிசல் விடவில்லை. அதனால் பாயும் ஈயமே வைக்கிறார். பட்டி பேருக்குத்தான், வாட்டர் பேப்பர் போடும்போது பாதிக்கு மேல் தண்ணீரோடு போய்விடும். விற்பனைக்கு வரும் பழைய கார்களில் பட்டியை அரை அங்குல கனத்துக்கு அப்பி மேலே பளபளவென்று பெயிண்ட் அடித்துக் கொண்டுவருவோர் உண்டு. விரல் முட்டியால் தட்டினால் டொக்கென்று மொட்டைச் சத்தம் வரும். காரை வாங்கப் போகிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

மதுரைக்கு இந்த மாதிரிக் கார்கள் வந்த வழியைச் சொல்ல டி.வி.எஸ்ஸிலிருந்து தொடங்க வேண்டும். 1911-ல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் தொடங்கிய நிறுவனம் பஸ் ஓட்டியது, பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்றது. பியூக் அந்த ஜெனரல் மோட்டார்ஸின் பிள்ளைதான். 1928-ல் பம்பாயில் அவர்களே ஆலை போட்டுப் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டத் தொடங்கினார்கள். ஃபோர்டு சென்னையிலும் பூட்டியது. ஜமீன்களும் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளும் மில் முதலாளிகளும் வாங்கினார்கள். நம் கிராமங்களில் காருக்கு ‘பிளசர்’ என்று பேர் வந்ததும் அந்தக் காலத்தில்தான். எங்கள் அப்பத்தா கடைசிவரை அப்படித்தான் சொன்னார்.

1953-ல் டாரிஃப் கமிஷன், இந்தியாவிலேயே பாகங்களைத் தயாரிக்கத் திட்டம் இல்லாத கம்பெனிகள் வெறுமனே பூட்டி விற்பதை நிறுத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. அடுத்த வருடமே ஜெனரல் மோட்டார்ஸ் மூட்டை கட்டியது. அதன் பிறகு இங்கே இருந்த அமெரிக்கக் கார்களுக்குப் புது உதிரிபாகம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கம்பெனி இல்லை, ஸ்பேர் இல்லை, இன்ஜினோ 4 லிட்டருக்கு மேல், எட்டு சிலிண்டர், பெட்ரோலைக் குடிக்கும். 1973-ல் உலகமெங்கும் எண்ணெய் விலை ஏறியபோது பெரிய வீட்டுக்காரர்களே இவற்றை விற்றுத் தள்ளினார்கள்.

கொட்டகையில் நின்ற பியூக்கும் அப்படிக் கைமாறியதுதான். செட்டிநாட்டு வீடு ஒன்றிலிருந்து சோழவந்தான் பக்கத்து ஆள் ஒருவர் வாங்கியிருக்கிறார். எட்டு சிலிண்டர் இன்ஜினை இறக்கிவிட்டு, சென்னை சிம்ப்சன் தயாரித்த பெர்கின்ஸ் டீசல் இன்ஜினை ஏற்றினார். சும்மா போல்ட்டைக் கழற்றிப் பூட்டுகிற வேலையில்லை அது. பியூக்கில் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஒரு கனத்த குழாய்க்குள் ஓடுகிறது. பின் அச்சை முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருப்பதும் அந்தக் குழாய்தான். பின்னால் பட்டை கிடையாது, சுருள் ஸ்பிரிங்தான். வேறு இன்ஜின், வேறு கியர் பாக்ஸ் என்றால் குழாய் போய்விடும். குழாய் போனால் அச்சுக்குப் பிடிப்பு இல்லை. அதனால் சேஸில் புதிதாகக் கொண்டி வைத்து, பட்டை போட்டு, வேறு ஹவுசிங் மாட்டி, எல்லாவற்றையும் அந்தக் காலத்து மெக்கானிக்குகள் கண்ணளவில் கணக்குப் போட்டு முடித்திருக்கிறார்கள். அந்த வெல்டிங்கைப் பார்த்தேன். ஒரே சீராக, மீன் செதில் மாதிரி படிந்திருக்கிறது.

இன்று கார் சேகரிப்போர் வாயில் எந்நேரமும் இருக்கும் சொல் ‘ஒரிஜினல்’. டீசல் போட்டவர்களை, அருமையான காரைக் கெடுத்தவர்கள் என்று அவர்கள் பேசுவதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரிஜினலாகவே வைத்திருந்த எத்தனையோ கார்கள் பெட்ரோல் போட முடியாமல் கொட்டிலில் நின்று, கோழி அடைந்து, கடைசியில் சென்னை புதுப்பேட்டையில் தகடாக நிறுத்துப் போடப்பட்டன. டீசல் போட்ட வண்டி தினமும் சம்பாதித்தது. சம்பாதித்த வண்டிக்குத்தான் எண்ணெய் விட்டார்கள், துரு பிடித்த இடத்தை ஒட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது டி.வி.எஸ். கரிவாயு எரிகலன் செய்து வண்டிகளில் பொருத்தியதை இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். வண்டி ஓட வேண்டும் என்ற அதே கவலையில்தான் ஊர் மெக்கானிக்கும் பெர்கின்ஸை ஏற்றினான். அவனையும் அந்தப் பெருமையில் சேர்க்க வேண்டும்.

நல்லவேளை, இறக்கிய இன்ஜினை அந்தச் சோழவந்தான்காரர் எடைக்குப் போடவில்லை. மாட்டுக்கொட்டத்தில் சாக்கு மூடிக் கிடந்தது. அதன் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தின் பழைய பக்கத்தில் மையில் எழுதியிருந்த எண்ணும் ஒன்றே. வாங்குகிற பார்ட்டிக்கு இது பெரிய சமாச்சாரம். விலையே அதில்தான் நிற்கிறது.

அந்த இன்ஜினையே திரும்ப ஏற்றுவதற்கான வேலை அலங்காநல்லூருக்குள் இருக்கும் ஒரு லேத் பட்டறையில் நடந்தது. 1947 பியூக்கின் கனெக்டிங் ராடுகளில் இப்போதைய கார்கள் மாதிரி கழற்றி மாட்டும் பேரிங் கிடையாது. வெள்ளீயத்தில் ஆண்டிமனியும் செம்பும் கலந்த உலோகத்தை உருக்கி, ராடிலேயே நேராக ஊற்ற வேண்டும். பாபிட் என்பார்கள். இங்கே ‘ஒயிட் மெட்டல்’. இந்த வித்தை தெரிந்த ஆளுக்காகக் கோவை வரை தேடியிருக்கிறார்கள். கடைசியில் ஆள் இங்கேயே இருந்தார். கரண்ட் வருவதற்கு முன் இந்தப் பக்கத்துக் கிணறுகளில் ஓடிய ஆயில் இன்ஜின்களுக்கு பேரிங் ஊற்றிய குடும்பம். அப்பாவிடம் பதினான்கு வயதில் கற்றது, முப்பது வருடமாக வேலை இல்லாமல் கையிலேயே இருந்திருக்கிறது.

நான் போனபோது ஆறாவது ராடு. சுத்தம் செய்து ஈயம் பூசிய ராடைச் சூடாக்கி அச்சில் நிறுத்தியிருந்தார். கரண்டியில் உலோகம் பாதரசம் போல அசைந்தது. ஓர் ஈர்க்குச்சியை அதில் விட்டு எடுத்துப் பார்த்தார். நுனி லேசாகப் பழுத்திருந்தது. பொறுத்தார். இரண்டாம் முறை குச்சி கருகி வந்தது. எரியவில்லை.

“கருகணும், தீப்பிடிக்கக் கூடாதுண்ணே. அதான் பதம். கம்மியா இருந்தா ஒட்டாது, ஏறிப்போச்சுன்னா ஆறினதும் பொரிஞ்சு போகும்.”

ஒரே மூச்சில் ஊற்றினார். நடுவில் கை நின்றால் அந்த இடத்தில் மடிப்பு விழுந்துவிடுமாம். ஆறியபின் லேத்தில் கடைந்து, நீலம் தடவி, கிராங்க் ஷாஃப்டில் வைத்துச் சுற்றி, நீலம் ஒட்டிய மேட்டை மட்டும் சுரண்டி எடுப்பார். இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. ஒரு ராடுக்கு ஒரு நாள்.

குரோம் வேலையில் அவர்களுக்கு மனத்தாங்கல்தான் மிச்சம். இரும்புக் கம்பிகள் மேலே செம்பு, நிக்கல், குரோம் என்று அடுக்கடுக்காக ஏறிப் புதிதாகிவிட்டன. பானெட் நுனிச் சின்னம் துத்தநாக வார்ப்பு. உள்ளேயே பொடிந்து குழி விழுந்திருந்தது. ஒவ்வொரு குழியையும் குடைந்து செம்பை ஏற்றித் தேய்த்து மூன்று முறை செய்தும் பாய்க்குத் திருப்தி இல்லை.

கோவையில் ஜி.டி. நாயுடு பெயரில் 2015-ல் கார் அருங்காட்சியகம் திறந்தது. சென்னை ஏ.வி.எம். வளாகத்தில் 2023-ல் இன்னொன்று. அவற்றுக்குப் பிறகு பழைய காரைப் பற்றி விசாரிக்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள் என்று கொட்டகையை நடத்துபவர் சொன்னார். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த, பெரிதாக உருமாற்றாத காரை வின்டேஜ் வண்டியாகப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000. எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே இங்கே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிந்த காரைத் தினசரி ஓட்டக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று போய் வரலாம்.

கொட்டகையில் பாயையும் சேர்த்து நாலு பேர். தை மூன்றாம் நாள் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு நெருங்கினால் இரண்டு பையன்கள் வரமாட்டார்கள், ஒருவன் வீட்டில் காளை இருக்கிறது. அங்கே சிறந்த மாடுபிடி வீரருக்குப் பரிசாகக் கார் கொடுக்கிறார்கள். அந்தக் காரின் மட்கார்டு நசுங்கினால் யாரும் தட்டமாட்டார்கள், கழற்றிப் புதிது மாட்டுவார்கள். அதனால்தான் பையன்கள் இந்தத் தொழிலில் நிற்பதில்லை என்றார் பாய். கோபமில்லாமல்தான் சொன்னார். எனக்குத்தான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

பார்ட்டி வந்து பார்க்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நாள் மறுபடி போனேன். பாய் ஒரு பெரியவரை வரச்சொல்லியிருந்தார். டீசல் காலத்தில் இந்த வண்டியை இருபத்திரண்டு வருடம் வாடகைக்கு ஓட்டியவர். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சப்பை. சுற்றி வந்து ஒவ்வொரு கதவையும் திறந்து மூடினார்.

“வாடிப்பட்டி, பாலமேடுன்னு எத்தனை பிள்ளைத்தாச்சிகள ஏத்திக்கிட்டு பெரியாஸ்பத்திரிக்குப் பறந்திருப்பேன் தெரியுமா? ரெண்டு பிள்ளை வண்டியிலேயே பிறந்திருக்கு.”

“ஏறி ஸ்டார்ட் பண்ணுங்கய்யா” என்றார் பாய்.

உட்கார்ந்ததும் அவர் வலதுகை தானாக டேஷ்போர்டின் கீழ் ஓரத்துக்குப் போனது. அங்கே டீசல் இன்ஜினைக் கிளப்பும் ஹீட்டர் பட்டன் இருந்த ஓட்டையை பாய் போன மாதம்தான் அடைத்துத் தேய்த்திருந்தார். விரல்கள் அந்த வழவழப்பைத் தடவி நின்றன.

“சாவியத் திருப்பிட்டு ஆக்சிலேட்டர முழுசா மிதிங்கய்யா. இதுக்கு செல்ஃப் அதுலதான்.”

மிதித்தார். ஆறு வோல்ட் பேட்டரி மெதுவாகச் சுற்றியது. ஒரு இருமல், பிறகு பிடித்துக்கொண்டது. பையன் டீ டம்ளரை இன்ஜின் மூடியின் மேல் வைத்தான். டீயின் மேல் ஏடு கூட அசையவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இது என் வண்டிச் சத்தம் இல்ல பாய்.”

இறங்கி வெளியே வந்தார். வேப்பமரத்தடியில் இரண்டு கட்டைகளின் மேல் பெர்கின்ஸ் இன்ஜின் இருந்தது. மேலே விழுந்திருந்த வேப்பஞ்சருகைத் தட்டிவிட்டு, யார் எடுக்கிறார்கள் என்று கேட்டார். பாலமேட்டுக்காரர் ஒருவர் வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் கரும்பாட்ட முன்பணம் கொடுத்திருப்பதாகப் பையன் சொன்னான்.

“அவர்கிட்ட சொல்லு தம்பி. மார்கழிப் பனியில ஹீட்டர் போட்டு முப்பது எண்ணணும். அவசரப்பட்டா பிடிக்காது.”