மோப்பத்தில் கோத்த கதை

அலி அப்பாசி இயக்கிய சுவீடிஷ் படம் ‘கிரென்ஸ்’ (2018). யோன் அய்விதே லிண்ட்க்விஸ்ட்டின் சிறுகதையை வைத்து அவரும் அப்பாசியும் இசபெல்லா எக்லோவும் திரைக்கதை எழுதினர். கான் விழாவில் ‘அன் செர்டைன் ரிகார்ட்’ பிரிவின் முதற்பரிசைப் பெற்ற இப்படத்தில் குற்றப் புலனாய்வு, காதல், திகில், குடும்ப யதார்த்தம் ஆகிய நான்கும் கலந்திருக்கின்றன.

நான்கையும் இணைக்கும் கயிறு மோப்பம். நாயகி டீனா துறைமுகச் சுங்க அதிகாரி. பயணிகளின் பயத்தையும் வெட்கத்தையும் அவளால் முகர்ந்தறிய முடியும். இத்திறமையே குழந்தைகளை வைத்து எடுத்த ஆபாசப் படங்கள் அடங்கிய மெமரி கார்டைப் பிடித்துக் கொடுத்து அவளைக் காவல்துறை விசாரணைக்குள் இழுக்கிறது. தன்னைப் போலவே முகம் கொண்ட வோரேயிடம் அவளை ஈர்ப்பதும் இதுவே. வகைமை மாறும்போதெல்லாம் காரணம் பாத்திரத்தின் உடலிலேயே இருப்பதால் மாற்றம் உறுத்துவதில்லை.

வட ஐரோப்பிய நாட்டார் கதைகளில் ட்ரோல்கள் காட்டில் வாழ்பவை, வாலுடையவை, இடிக்கு அஞ்சுபவை, மனிதக் குழந்தையைத் திருடித் தம் குழந்தையை அங்கே வைத்துவிடுபவை. திரைக்கதை இவற்றில் எதையும் மாயாஜாலமாகக் காட்டவில்லை. வால் அறுவைத் தழும்பாகவும், இடி மின்னல் தாக்கிய வடுவாகவும் மாறுகின்றன. தன் தோற்றத்துக்குக் குரோமோசோம் குறைபாடே காரணம் என்று டீனா நம்புகிறாள், பார்வையாளரும் நம்புகிறார். அவளும் வோரேயும் ட்ரோல்கள் என்ற உண்மை தாமதமாக வெளிப்படும்போது, முன்பு பார்த்த தழும்புகள் சான்றுகளாகின்றன. குழந்தை மாற்றும் பழங்கதையும் குற்றக்கதையும் ஒரே முடிச்சில் சேர்கின்றன.

விலக்கப்பட்டவரைப் புனிதராக்கும் வழக்கத்தையும் படம் தவிர்க்கிறது. தன் இனத்தை மனிதர்கள் பிடித்து ஆய்வுக்கூடப் பொருளாக்கியதற்கு வோரே மனிதக் குழந்தைகளைத் திருடிப் பழிவாங்குகிறான். அவன் கோபத்துக்கு நியாயம் உண்டு, செயலுக்கு இல்லை. டீனா தன் இனத்தை ஏற்கிறாள், அவன் வழியை மறுக்கிறாள். இந்தப் பிரிவினையால் அவள் உருவகமாகச் சுருங்காமல் பாத்திரமாக நிற்கிறாள்.

இத்தனையையும் நம்பவைக்கும் பொறுப்பு ஒப்பனையின் மீது விழுகிறது. யோரான் லுண்ட்ஸ்ட்ரோமும் பமீலா கோல்டாமரும் சிலிகோன் பாகங்களால் உருவாக்கிய முகங்கள் ஆஸ்கர் பரிந்துரை பெற்றன. இவ்வகை ஒப்பனையில் தடிமன்தான் சிக்கல்: கூடினால் தசையசைவு மேலே தெரியாது, குறைந்தால் முக அமைப்பு மாறாது. அருகாமைக் காட்சிகள் நிறைந்த படத்தில் இதை மறைக்கவும் வழியில்லை. டீனாவாக நடித்த ஏவா மெலாண்டர் முகர்வதை மேலுதட்டின் துடிப்பாலும் மூக்கு விடைப்பாலும் நடித்துக் காட்ட முடிந்ததே ஒப்பனையின் வெற்றி.

பலவீனம் பிற்பகுதியில் உண்டு. விசாரணையின் நூலும் காதலின் நூலும் ஒரே ஆளிடம் போய் முடிவதில் தற்செயலின் சாயல் தெரிகிறது. புலனாய்வின் படிகள் அவசரமாகக் கடக்கப்படுகின்றன. ஆயினும் டீனாவின் தேர்வு முன்னுக்கு வருவதால், வழக்கு எப்படித் துலங்கியது என்ற கேள்வி பின்னுக்குப் போகிறது.