ஒரு விரல் இடைவெளி

வைட்டிலா மேம்பாலம் 2021 சனவரியில் திறக்கப்பட்டது. அதற்கு மறு ஆண்டு, நான் எட்டாம் வகுப்பில் பயின்றபோது, அப்பாவின் மோட்டார் சைக்கிள் அந்தப் பாலத்தில் ஏற மறுத்தது.

பாலாரிவட்டத்து விடுதிகளில் அழுக்குத் துணிகளைப் பெற்று, வைட்டிலா, குண்டன்னூர், தோப்பும்படி வழியாகக் கோட்டைக் கொச்சியின் ‘வெளி’ பகுதியிலுள்ள சலவைத் துறைக்குக் கொண்டுசெல்வது அப்பாவின் தொழில். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுத்துவரும் இடம் அது. அன்று பள்ளி விடுமுறை. மூட்டையைப் பிடித்தபடி நான் பின்னால் அமர்ந்திருந்தேன். ஏற்றத்தில் அப்பா முடுக்கியைத் திருகினார். எஞ்சின் அலறியது, வண்டியோ ஊர்ந்தது. கருகிய நாற்றம் எழுந்தது.

“எஞ்சின் போய்விட்டது போலும்” என்றார் அப்பா. எஞ்சினைப் பிரித்தால் ஒரு மாத வருவாய் அதற்கே போய்விடும்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு சந்திப்புக்கு அருகிலிருந்த பட்டறையை அடைந்தோம். அங்கே வேலை பயிலும் இளைஞர்கள் தலைமை மெக்கானிக்கை ‘ஆசான்’ என்றே அழைத்தனர். நம் மொழியில் ஆசிரியரைக் குறிக்கும் அதே சொல்தான். அவர் எதையும் தொடவில்லை. “ஏற்றத்தில் எஞ்சின் ஓசை கூடியதா, குறைந்ததா?” என்று மலையாளத்தில் வினவினார். கூடியது என்றோம்.

“அப்படியானால் எஞ்சினுக்குக் குறையில்லை. வலுவிழந்த எஞ்சின் ஏற்றத்தில் ஓசையும் குறைந்து திணறும். இது நன்றாகச் சுழல்கிறது. அச்சுழற்சிதான் சக்கரத்துக்கு முழுமையாகப் போய்ச் சேரவில்லை. கிளட்ச் நழுவுகிறது.”

அடுத்து அவர் எண்ணெயைப் பற்றிக் கேட்டார். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் தட்டுகள் எஞ்சின் எண்ணெயிலேயே நனைந்திருக்கும். உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்ந்த சில கார் எண்ணெய்களை ஊற்றினால் அவை வழுக்கும். அதனால்தான் ‘ஜாசோ எம்ஏ’ என்ற குறி உள்ள எண்ணெயை வாங்க வேண்டுமாம். அப்பா வாங்கியது சரியான எண்ணெய்தான்.

பிறகு ஆசான் கிளட்ச் கைப்பிடியை விரலால் மெல்ல அசைத்தார். அது சிறிதும் ஆடவில்லை. “இதை முறுக்கியவர் யார்?”

என் நெஞ்சு படபடத்தது. இரண்டு வாரங்களுக்கு முன், கைப்பிடி தொளதொளவென்று இருப்பதாக அப்பா சொன்னார். அவருக்கு உதவுவதாக எண்ணி, கம்பியின் திருகை நானே முறுக்கி, ஆட்டமே இல்லாமல் செய்திருந்தேன். அப்பா பட்டறைக்காரரிடம், “யாரும் தொடவில்லையே” என்றார். பேசாமல் இருந்திருந்தால் எவருக்கும் தெரிந்திராது.

“நான்தான் அப்பா” என்றேன்.

அப்பா என்னை ஒருமுறை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஏசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஆசான் என்னை அருகில் அழைத்தார். “மோனே, இங்கே பார். கைப்பிடியின் நுனி 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை வெறுமனே அசைய வேண்டும். ஏறத்தாழ ஒரு விரற்கனம். அந்த இடைவெளி இல்லாவிட்டால், நீ கைப்பிடியைத் தொடாதபோதும் கம்பி இழுத்துக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங்குகள் தட்டுகளை முழுதாக அழுத்த மாட்டா. தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று தேய்ந்து சூடேறும்.”

அவர் திருகைத் தளர்த்தி ஓட்டிப் பார்த்தார். அப்போதும் நழுவியது. காலம் கடந்துவிட்டது. வண்டியை இடப்பக்கமாகச் சாய்த்து, வலப்பக்க மூடியைக் கழற்றினார். அவ்வாறு சாய்த்தால் எண்ணெய் வெளியே கொட்டாது. உராய்வுத் தட்டுகள் கருகியிருந்தன. அவற்றுக்கு இடையே இருந்த எஃகுத் தட்டுகளில் சூட்டினால் நீலம் பாய்ந்திருந்தது. வெர்னியர் அளவியால் ஒவ்வொரு தட்டையும் அளந்து, “தேய்மானம்” என்றார். அச்சொல்லுக்கு எங்களுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. ஸ்பிரிங்குகளும் புதியவற்றைவிடக் குட்டையாகியிருந்தன.

புதிய தட்டுகளை ஓர் இரவு எண்ணெயில் ஊறவைத்த பிறகே பொருத்துவது அவர் வழக்கம். எனவே வண்டி அங்கேயே தங்கியது. துணி தங்க முடியாதே! வைட்டிலாவிலிருந்து தோப்பும்படிக்குப் பேருந்தில் இரண்டு மூட்டைகளோடு சென்றோம். பெரிய மூட்டையை நான் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஆசான் தட்டுகளை அடுக்கி, ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்கி, புதிய கேஸ்கட் வைத்து மூடினார். மாலையில் மூட்டையோடு பாலம் ஏறினோம். ஓசையும் வேகமும் ஒன்றாகவே உயர்ந்தன.

புதிய தட்டுகள் படிந்தபின் கைப்பிடியின் ஆட்டத்தை மீண்டும் பார்க்கும்படி ஆசான் சொல்லியிருந்தார். ஒரு வாரம் கழித்து அப்பா ஸ்பேனரை எடுத்துவந்து, என் கையில் கொடுத்தார்.